துறைமுகத்து ஆலைகளும் நமது பிள்ளைகளும்
தன்னியக்கத் தொழிற்கல்வியில் வர்த்தகர்களின் பங்கு

பெரும்போக நெல் களத்துக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில் கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய், மூதூர் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் நமது ஹாஜியார்மாரிடம் பேசிப் பாருங்கள். நெல்லின் விலை, கையிலுள்ள முதல், மின்கட்டணம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் கடைசியில் ஒரு கவலைக்கு வந்து சேர்வார்கள். மெஷின் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

முன்பு இந்தக் கவலை இருக்கவில்லை. பெல்ட் அறுந்தால் பெல்ட் மாற்றினோம். பெயாரிங் போனால் பெயாரிங் போட்டோம். ஊரிலுள்ள மெக்கானிக் தம்பி ஸ்பேனரோடு வந்தால் வேலை முடிந்தது. இன்று ஆலைக்குள் கமெரா வைத்து அரிசியைத் தரம் பிரிக்கும் கலர் சோட்டர் இருக்கிறது. நிறையைத் தானே பார்த்துப் பை நிரப்பும் இயந்திரம் இருக்கிறது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வர்ட்டர் பெட்டி இருக்கிறது. இவற்றில் ஒன்று திரையில் சிவப்பு எழுத்தைக் காட்டி நின்றுவிட்டால், ஊர் மெக்கானிக்கால் கதவைத் திறந்து பார்க்க முடியுமே தவிர, கை வைக்க முடியாது. 250 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்புக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். அவர் வரும் வரை ஆலை நிற்கும். நெல் லொறி வாசலில் நிற்கும். வந்தவர் சில வேளை ஒரு சென்சரின் கண்ணில் படிந்த தவிட்டுத் தூசியைத் துடைத்துவிட்டு, பயணச் செலவும் கூலியும் வாங்கிக்கொண்டு போவார்.

அந்தப் பணத்தை நாம் கொடுப்பது தூசி துடைத்ததற்காக அல்ல. எந்த இடத்தில் துடைக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருப்பதற்காகத்தான். அந்த அறிவு ஏன் நமது மாவட்டத்துப் பிள்ளைகளின் கையில் இல்லை, அதை அவர்களுக்குக் கொடுக்க வழி என்ன என்பதே இந்த வாரத்துக் கேள்வி.

துறைமுகத்தைச் சுற்றி இருப்பவை

திருகோணமலை என்றதும் இயற்கைத் துறைமுகம் என்ற பெருமையைச் சொல்லிவிட்டு நாம் நின்றுவிடுகிறோம். அந்தத் துறைமுகத்தின் கரையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்க்க வேண்டும்.

சீனக்குடாவில் பிரிமா மாவாலை 1980 முதல் இயங்கி வருகிறது. கோதுமை கப்பலில் மொத்தமாக வருகிறது, களஞ்சியக் கோபுரங்களுக்கு ஏறுகிறது, மாவாகி மூடைகளில் வெளியே வருகிறது. இதற்கிடையில் மனிதக் கை படும் இடங்கள் மிகக் குறைவு. 1982இல் ஏ.வை.எஸ். ஞானம் அவர்கள் ஜப்பானியப் பங்காளிகளோடு தொடங்கிய டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் ஆலையும் இந்தத் துறைமுகத்தை நம்பியே இங்கு அமைந்தது. கிளிங்கர் கப்பலில் வருகிறது, அரைக்கப்படுகிறது, பையில் அடைக்கப்படுகிறது. அதே ஆலையின் தேவைக்காக விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் இருக்கிறது. அரைக்கும் ஆலை, கொதிகலன், பை நிரப்பும் இயந்திரம் ஆகிய எல்லாமே அளவுக் கருவிகளாலும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளாலும் நடப்பவை.

அடுத்தது எண்ணெய்த் தாங்கிகள். பிரித்தானியர் காலத்தில் கட்டப்பட்ட 99 தாங்கிகள் பற்றி 2022 ஜனவரியில் உடன்படிக்கை செய்யப்பட்டது. 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் என்று பிரிக்கப்பட்டன. சம்பூரில் 500 மெகாவோட் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின் திட்டத்துக்கான தொடக்க விழா 2025 ஏப்ரலில் நடந்தது. வடக்கே புல்மோட்டையில் இல்மனைட், ரூட்டைல், சேர்கோன் ஆகியவற்றைக் காந்தத்தாலும் மின்புலத்தாலும் கடல் மணலிலிருந்து பிரிக்கும் கனிய மணல் நிறுவனம் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது.

பழைய தாங்கி ஒன்றைத் திருத்தி மீண்டும் பாவனைக்கு எடுப்பதென்றால் வெல்டிங் வேலையோடு அது முடிவதில்லை. எண்ணெய் மட்டத்தை அளக்கும் கருவி, வெப்பநிலை அளக்கும் கருவி, வால்வைத் தூரத்திலிருந்து திறந்து மூடும் மோட்டார், இவை அனைத்தையும் ஓர் அறையிலிருந்து பார்க்கும் திரை ஆகியவை வேண்டும். சூரிய மின் நிலையமும் அப்படித்தான். கட்டும் நாளில் ஆயிரம் கூலிகள் வேண்டும். கட்டி முடிந்த பின் சிலர் போதும். ஆனால் அந்தச் சிலர் கருவிகளை அறிந்தவர்களாக இருக்க வேண்டும். நமது பிள்ளைகள் கட்டும் நாளில் மட்டும் உள்ளே போய், கட்டி முடிந்ததும் வாசலுக்கு வெளியே வரப் போகிறார்களா? இதுதான் நம் முன்னுள்ள பிரச்சினை.

தன்னியக்கம் என்பது என்ன?

பெயரைக் கேட்டதும் ரோபோ என்று பயப்பட வேண்டாம். கடையில் தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கிறதே, அதுவே தன்னியக்கம்தான். மூன்று பாகங்கள் அதில் உண்டு. நிலைமையைப் பார்க்க ஒரு கண், அது சென்சர். முடிவெடுக்க ஒரு மூளை. வேலை செய்ய ஒரு கை, அது மோட்டார் அல்லது வால்வு. மாவாலையானாலும் ஐஸ் ஆலையானாலும் இந்த மூன்றும்தான் பெரிதாகிப் பலவாகி நிற்கின்றன.

மூளையாக இருப்பது பி.எல்.சி. என்று தொழிலாளர் அழைக்கும் சிறு பெட்டி. அதன் வரலாறு வியாபாரிகளும் அறிய வேண்டியது. 1960களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கார் ஆலைகளில் சுவர் நிறைய ரிலேக்கள் இருந்தன. காரின் மாடல் மாறும்போதெல்லாம் அந்த வயர்களைக் கழற்றி மீண்டும் மாட்ட வேண்டும். பணமும் நாளும் விரயமானது. வயரை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்றக்கூடிய பெட்டி ஒன்று வேண்டுமென்று 1968இல் அந்தக் கம்பனி கேட்டது. டிக் மோர்லி என்பவரும் அவரது கூட்டாளிகளும் செய்து கொடுத்த பெட்டிக்கு மொடிகொன் 084 என்று பெயர். அது அவர்களது 84ஆவது வேலை, அதனால் அந்த இலக்கம்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குக் கட்டளை எழுத, கணினி படித்தவருக்கு மட்டும் விளங்கும் மொழியை அவர்கள் வைக்கவில்லை. ஆலையில் ஏற்கெனவே இருந்த எலக்ட்ரீசியன்மார் வாசித்துப் பழகிய வயரிங் படத்தையே, ஏணிப்படி போன்ற வடிவில், கட்டளை மொழியாக வைத்தார்கள். இன்றும் உலகெங்கும் அந்த ஏணிப் படம் பாவனையில் இருக்கிறது. ஆகவே ரிலே, கொன்டெக்டர், ஸ்டாட்டர் ஆகியவற்றை ஒழுங்காக வயர் பண்ணத் தெரிந்த நமது பையனுக்கு பி.எல்.சி. தூரத்து ஊர் அல்ல, பக்கத்து வீடுதான். அவனுக்கு வேண்டியது பட்டமல்ல, முறையான பயிற்சி. இயந்திரவியலும் மின்னியலும் சேர்ந்த இந்தத் துறைக்கு மெக்கட்ரோனிக்ஸ் என்ற பெயரை 1969இல் ஜப்பானின் யஸ்காவா கம்பனியைச் சேர்ந்த பொறியியலாளர் ஒருவர் வைத்தார்.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். ஆலைகளில் அளவுக் கருவியிலிருந்து மூளைக்குச் செய்தி போவது பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி அம்பியர் வரையான மின்னோட்டமாகத்தான். தாங்கி காலி என்றால் 4, நிறைந்தால் 20. ஏன் பூச்சியத்தில் தொடங்கவில்லை? பூச்சியம் வந்தால் தாங்கி காலியா, வயர் அறுந்ததா என்று தெரியாது. 4 என்று வைத்ததால், பூச்சியம் வந்தவுடன் வயர் அறுந்தது என்று உறுதியாகிறது. கொழும்பிலிருந்து வருபவர் மீற்றரை வைத்துப் பார்த்துப் பத்து நிமிடத்தில் பிழையைச் சொல்வது இந்த மாதிரியான சின்ன அறிவுகளால்தான். இவை எதுவும் சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் சித்தியடைந்த ஒரு பிள்ளைக்கு விளங்காதவை அல்ல.

கணக்குப் பார்ப்போருக்கு ஒரு கணக்கு

இந்த அறிவு ஊருக்குள் வந்தால் நமக்கு என்ன இலாபம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ஆலையிலோ ஐஸ் தொழிற்சாலையிலோ இறால் பண்ணையிலோ 10 குதிரை வலு மோட்டார் ஒன்று மின்விசிறியை அல்லது தண்ணீர்ப் பம்பை ஓட்டுகிறது என்று வையுங்கள். முழு வேகத்தில் அது சுமார் ஏழரை கிலோவோட் இழுக்கும். பல இடங்களில் காற்று அல்லது தண்ணீர் தேவைக்கு மேலாக வருவதால் வால்வையோ தட்டையோ பாதி மூடி வைக்கிறோம். இது லொறியின் எக்ஸலேட்டரை முழுதும் மிதித்துக்கொண்டு பிரேக்கையும் பிடிப்பது போன்றது. அதற்குப் பதிலாக இன்வர்ட்டர் மூலம் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால், மின்சாரம் 80 சதவீதமாக மட்டும் குறைவதில்லை. விசிறியிலும் பம்பிலும் தேவைப்படும் வலு, வேகத்தின் மூன்றாம் அடுக்காக மாறும். 0.8 ஐ மூன்று தரம் பெருக்கிப் பாருங்கள், 0.51 வரும். கிட்டத்தட்டப் பாதி. ஏழரை கிலோவோட் மூன்றே முக்கால் சொச்சமாகிறது.

ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம், வருடத்தில் 300 நாள் ஓடினால், ஒரு மோட்டாரில் மட்டும் 10,000 யூனிட்டுக்கு மேல் மிச்சம் காட்டும். உங்கள் மின்பட்டியலிலுள்ள யூனிட் விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இது கணக்கின் உச்சம். பெட்டியின் சொந்த இழப்பும், தண்ணீரை மேலே ஏற்றும் உயரமும் அதில் கொஞ்சத்தைக் குறைக்கும். அதோடு, இந்தக் கணக்கு விசிறிக்கும் பம்புக்கும்தான். உமி நீக்கும் இயந்திரத்துக்கும் சுமை இழுக்கும் கொன்வேயருக்கும் பொருந்தாது. எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று சொல்லத் தெரியாதவர் பெட்டியை விற்றுவிட்டுப் போவார். தெரிந்தவர் ஊரில் இருந்தால் நாம் ஏமாற மாட்டோம்.

நாட்டாமைமாரின் பிள்ளைகள்

இங்கே ஒரு கஷ்டமான விடயத்தையும் பேசியாக வேண்டும். பை நிரப்பும் இயந்திரமும் தூக்கி அடுக்கும் கொன்வேயரும் வந்தால் மூடை தூக்கும் நாட்டாமைமாரின் வேலை போகும். இதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. நமது ஆலைகளிலும் கடைகளிலும் முதுகில் சுமந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள், நம் பள்ளிவாசலில் நம் பக்கத்தில் நின்று தொழுபவர்கள்.

ஆனால் வேறொரு உண்மையும் இருக்கிறது. மூடை தூக்க ஆள் கிடைப்பதில்லை என்று எல்லா முதலாளிமாரும் முறையிடுகிறார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போவது கூடியது. நாட்டாமை ஒருவர் தன் மகனும் மூடை தூக்க வேண்டுமென்று துஆ கேட்பதில்லை. ஆகவே இயந்திரம் வரத்தான் போகிறது. கேள்வி, அந்த இயந்திரத்தைப் பராமரிப்பவன் யார் என்பதுதான். ஐந்து பேரின் சுமையை எடுக்கும் இயந்திரத்தை வாங்கும் முதலாளி, அந்த ஐந்து பேரில் ஒருவரின் மகனை அந்த இயந்திரத்துக்கே தொழில்நுட்பவியலாளராக வளர்த்தெடுத்தால், அது தர்மமும் ஆகும், வியாபாரமும் ஆகும்.

சமூகக் கல்லூரி என்ற வழி

பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கும் ஏற்கெனவே வேலை பார்ப்போருக்கும், அந்தந்த ஊர்த் தொழில்களுக்குத் தேவையானதைக் குறுகிய காலத்தில் கற்பிக்கும் நிறுவனத்தை அமெரிக்காவில் சமூகக் கல்லூரி என்கிறார்கள். இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கிய கல்லூரி இவ்வகையான பொதுக் கல்லூரிகளில் மிகப் பழையது. இன்றும் நடக்கிறது. இக்கல்லூரிகளின் பலம் கட்டடமல்ல. பக்கத்திலுள்ள ஆலைக்காரரைக் கூப்பிட்டு, உமக்கு என்ன தெரிந்த ஆள் வேண்டுமென்று கேட்டுப் பாடத்தை அமைப்பதுதான்.

நமக்கு அருகில், 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னை மயிலாப்பூர்க் கத்தோலிக்க மறைமாவட்டமும் சமூகக் கல்லூரிகளைத் தொடங்கின. சென்னையில் அவர்கள் முதலில் தேடிப் பிடித்தது பள்ளிப் படிப்பை இடையில் விட்ட ஏழைப் பிள்ளைகளை. தொழில் ஒன்று, பேசிப் பழகும் திறன், பின் உள்ளூர்த் தொழிலகத்தில் நேரடிப் பயிற்சி என்ற முறை. ஒரு சமயத் தாபனம் தன் கட்டடத்தையும் ஆட்களையும் வைத்து இதைச் செய்ததை நமது பள்ளிவாசல் நிர்வாகங்கள் கவனிக்க வேண்டும்.

பெரிய அளவில் பார்ப்பதானால், தமிழ்நாடு அரசு 2022இல் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை நவீனப்படுத்தத் தொடங்கியது. பிட்டர், வெல்டர் படித்த இடங்களில் ரோபோ, கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரம், ஆலைக் கட்டுப்பாடு ஆகியவை வந்தன. 2023 ஜூலையில் இவற்றில் முதல் தொகுதி திறந்து வைக்கப்பட்டது. பெரிய பொறியியல் கல்லூரிகளைத் தேடிப் போகாமல், பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளை சேரும் நிலையத்தையே அவர்கள் தெரிவு செய்தார்கள் என்பதைப் பாருங்கள்.

நமது நாட்டில் திறந்திருக்கும் வாசல்

இலங்கையில் சமூகக் கல்லூரி என்ற பெயரில்லை. வேலை மட்டும் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிகள், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், பயிலுனர்களை ஆலையிலேயே வைத்துப் பழக்கும் நைட்டா என்னும் அதிகார சபை, உயர் தொழில்நுட்ப நிறுவகங்கள் ஆகியவை உள்ளன. இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே ஏணியில் கட்டியது என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை முறை. அதில் ஏழு படிகள். முதல் நான்கும் சான்றிதழ்கள். நான்காம் படியில் இருப்பவர் மேற்பார்வையின்றித் தனியே வேலை செய்யக்கூடிய கைவினைஞர். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரத்மலானையில் உருவான தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் மெக்கட்ரோனிக்ஸ் பட்டமே படிக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தையும் தமிழில் படித்த பிள்ளைகள் மறக்கக் கூடாது. பாடசாலைகளில் 2013இல் உயர் தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. 2015இல் முதல் பரீட்சை நடந்தது.

இந்த ஏணியின் சிறப்பு, வயரிங் வேலையில் நுழைந்த பிள்ளை டிப்ளோமா வரை, பட்டம் வரை ஏறலாம் என்பதே. உயர் தரத்தில் தவறிய பிள்ளையின் வாழ்க்கை முடிந்துவிட்டதாக வீட்டில் அழும் உம்மாமாருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வாசல் பலருக்குத் தெரியாது. எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் போகாமல் பத்துப் பதினைந்து வருடம் கையால் தொழில் பழகியவரை, அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்து மதிப்பிட்டு, அவருக்கு என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. ஆர்.பி.எல். என்பார்கள். உங்கள் ஆலையில் நெடுங்காலம் இருக்கும் எலக்ட்ரீசியன் நானாவுக்கு இதைச் செய்து கொடுங்கள். சான்றிதழ் எடுத்தால் ஓடிவிடுவார் என்று பயந்து பல முதலாளிமார் மறைக்கிறார்கள். சான்றிதழ் இல்லாமலே ஓடியவர்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மதிக்கப்பட்டவர் தங்குவார். தங்காவிட்டாலும் அவரிடம் பழகியவர் ஊரில் இருப்பார்.

சேரும் முன் பெற்றோர் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். நிலையம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? அந்தக் குறிப்பிட்ட பாடநெறி என்.வி.கியூ. தரத்துக்கு அங்கீகாரம் பெற்றதா? பயிற்சியின் இறுதியில் ஆலையில் நேரடிப் பழக்கம் உண்டா? சுவரில் ரோபோ படம் ஒட்டிப் பெரிய கட்டணம் கேட்கும் இடங்களும் இருக்கின்றன. பிள்ளை தன் கையால் பேனல் போர்ட் வயர் பண்ணாமல், பி.எல்.சி. பெட்டியைத் தொடாமல், கரும்பலகையில் மட்டும் படித்து வந்தால் அந்தக் காகிதத்தால் எவருக்கும் பிரயோசனமில்லை.

எங்கே தடங்குகிறது?

ஒரு காலத்தில் தூரம் தடையாக இருந்தது. கிண்ணியாப் பிள்ளை நகரத்துக்கு வரத் துறையில் பாதைக்குக் காத்து நின்றது. 2009இல் சவூதி அரேபிய நிதியுதவியுடன் கிண்ணியாப் பாலம் திறந்த பின் அந்தத் தடை இல்லை. சீனக்குடா இப்போது பஸ் தூரம். ஆனாலும் மூன்று தடைகள் மீதமிருக்கின்றன.

முதலாவது, மரியாதை பற்றிய நமது எண்ணம். டாக்டர், எஞ்சினியர், இல்லையேல் கடை, அதுவும் இல்லையேல் கட்டார். இந்த மூன்றுக்கும் இடையில் எண்ணெய் பட்ட கையோடு வீடு வரும் தொழிலுக்கு மாப்பிள்ளைச் சந்தையிலும் மதிப்பில்லை. கட்டாருக்கும் சவூதிக்கும் சாரதியாகப் போகும் பிள்ளையே கருவித் தொழில்நுட்பவியலாளராகச் சான்றிதழோடு போனால் சம்பளமும் வேறு, தங்கும் அறையும் வேறு என்பதை அங்கே இருந்து வந்தவர்கள் சொல்வார்கள்.

இரண்டாவது, மொழி. இயந்திரக் கையேடுகள் ஆங்கிலத்தில் வருகின்றன. டிப்ளோமா மட்டத்துக்குப் போகும்போது ஆங்கிலம் தேவை. தென்பகுதி நிலையங்களிலும் ஆலைகளிலும் பழகச் சிங்களமும் வேண்டும். இலக்கணம் நிறைந்த ஆங்கிலம் அல்ல. கையேட்டில் எழுதியிருக்கும் எச்சரிக்கையை வாசித்து விளங்கும் அளவு போதும். அதை மாலை வகுப்பில் ஆறு மாதத்தில் கொடுக்கலாம்.

மூன்றாவது, செலவு. அரச நிலையங்களில் முழுநேரப் பாடநெறிகள் பெரும்பாலும் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன. ஏழைப் பிள்ளையை நிறுத்துவது பஸ் காசும், வெளியூரில் தங்கும் வாடகையும், அந்தக் காலத்தில் வீட்டுக்கு வராத கூலியும்தான்.

பெண் பிள்ளைகளையும் இங்கே சொல்ல வேண்டும். பேனல் போர்ட் வயரிங், சர்க்கியூட் திருத்தம், கட்டுப்பாட்டுப் படம் வரைதல் ஆகியவை முதுகு வலுவைக் கேட்பவை அல்ல. பொறுமையையும் கண் கூர்மையையும் கேட்பவை. உயர் தரத் தொழில்நுட்பப் பிரிவில் நமது பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்ற ஒழுங்கோடு ஊருக்குள் ஒரு பேனல் வேலைத்தளம் இருந்தால், படிப்பு வீணாகாது.

வர்த்தகர்கள் செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்யட்டும் என்று இருந்தால் இன்னும் இருபது வருடம் கொழும்புக்குத் தொலைபேசி எடுக்க வேண்டியதுதான். நம் கையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒன்று, பயிலுனருக்கு வாசலைத் திறந்து விடுங்கள். பயிற்சி நிலையங்கள் மாணவரைப் பழக்க ஆலை தேடுகின்றன. ஒரு ஆலை வருடத்தில் இரண்டு பிள்ளைகளை ஏற்றாலே போதும். தேநீர் வாங்கவும் கூட்டித் துடைக்கவும் மட்டும் வைத்திருக்காமல், இயந்திரம் பராமரிப்புக்காகத் திறக்கும் நாளில் அவர்களைப் பக்கத்தில் நிறுத்துங்கள். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்ட பின்பே கை வைக்க வேண்டும் என்பதை முதல் நாளே பழக்குங்கள். ஓர் உயிர் எந்த ஆர்டரையும் விடப் பெரியது.

இரண்டு, கழித்த பொருளைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பழைய பேனல் போர்ட், பழுதான இன்வர்ட்டர், பாவனையில்லாத சென்சர் ஆகியவை பயிற்சிக் கூடத்துக்குப் பொன். பிழை உள்ள பெட்டியில்தான் பிழை தேடப் பழகலாம். நான்கைந்து ஆலைக்காரர் சேர்ந்தால், சிறிய கொன்வேயர் ஒன்று, இரண்டு சென்சர், ஒரு பி.எல்.சி. கொண்ட பயிற்சி மேசையை ஊர் வெல்டிங் கடையிலேயே செய்து கொடுக்கலாம்.

மூன்று, ஸகாத் நிதி. பல பள்ளிவாசல்கள் தையல் மெஷினும் மீன் வலையும் கொடுக்கின்றன. நல்ல காரியம். அந்தப் பட்டியலில், தகுதியுள்ள ஏழை மாணவரின் தங்குமிடச் செலவையும் கருவிப் பெட்டியையும் சேர்ப்பது பற்றி உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இன்று வாங்கும் குடும்பம் நாளை கொடுக்கும் குடும்பமாக மாற இதைவிட நேர்வழி குறைவு.

நான்கு, இதுவே ஒரு வியாபாரம் என்பதைக் காணுங்கள். ஹாட்வெயார், எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நாம் வயரும் சுவிட்ச்சும் பல்பும் விற்கிறோம். மாவட்டத்திலுள்ள ஆலைகளில் அடிக்கடி பழுதாகும் சென்சர், கொன்டெக்டர், 24 வோல்ட் பவர் சப்ளை, சிறிய இன்வர்ட்டர் ஆகியவற்றில் சிலதைத் திருகோணமலையிலேயே இருப்பு வைத்தால் யார் வாங்காமல் விடுவார்? பக்கத்தில் பயிற்சி பெற்ற இரண்டு பிள்ளைகளை வைத்து பேனல் போர்ட் கட்டித் திருத்தும் வேலைத்தளம் தொடங்கினால், அறுவடைக் காலத்தில் ஆலைகளோடு பராமரிப்பு ஒப்பந்தமே செய்யலாம். மாதம் ஒருமுறை வந்து பார்த்துத் தூசி துடைத்துப் போவதற்கு ஆலைக்காரர் சந்தோஷமாகக் காசு கொடுப்பார். நின்ற ஆலையின் நட்டம் என்னவென்று அவருக்குத் தெரியும்.

ஐந்து, வர்த்தக சங்கங்கள் ஒரு கடிதத்தோடு தொழில்நுட்பக் கல்லூரி அதிபரிடமும் தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திடமும் போக வேண்டும். எங்களது ஆலைகளில் இன்ன இயந்திரங்கள் இருக்கின்றன, இன்ன வேலைக்கு ஆள் இல்லை, படித்து வரும் பிள்ளைகளில் இத்தனை பேருக்கு நாங்கள் பயிற்சியிடம் தருகிறோம் என்று எழுத்தில் கொடுத்தால் அவர்களும் மேலிடத்தில் கேட்க முடியும். ஆள் தேவை என்று எழுதிக் கொடுக்காமல், நமது மாவட்டத்துக்குப் பாடநெறி வரவில்லை என்று குறை சொல்வதில் பயனில்லை. இதில் தமிழ், சிங்கள ஆலைக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நின்ற மெஷினுக்கு இனம் தெரியாது.

துறைமுகத்துக்கு அடுத்த பத்து வருடத்தில் என்னென்ன வரும் என்று அரசியல்வாதிகள் சொல்வதை நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். சில வந்தன, சில நின்றன. அதை நம்பி ஒரு பிள்ளையையும் படிக்க வைக்க வேண்டாம். இன்று நமது ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அரிசி ஆலை, ஐஸ் ஆலை, தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றை நம்பிப் படிக்க வைத்தாலே போதும். அவற்றில் பழகிய கை, பெரிய ஆலையின் வாசல் திறக்கும் நாளில் தயாராக இருக்கும். திறக்காவிட்டாலும் அந்தக் கைக்கு ஊரில் வேலை இருக்கும்.

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் உங்கள் கடைக்கு வேலை கேட்டு வரும் பையன்களில் ஒருவனையாவது, தம்பி, கல்லாவில் நிற்க முன்பு இந்த வயரிங் வகுப்பில் சேர்ந்து வா, பஸ் காசு நான் தருகிறேன் என்று அனுப்பிப் பாருங்கள். இரண்டு போகம் கழியும் முன் அந்தக் காசின் பலன் உங்கள் ஆலையிலேயே தெரியும், இன்ஷா அல்லாஹ்.